கேட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டவள்

அவளுக்குப் பொறுமை என்பது மருந்துக்கும் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நான் சொல்லப்போவதைக் கேட்டு யாராவது அவளைச் சாந்த சொரூபி என்று நினைத்துவிடுவார்கள். ஸ்கூட்டருக்கு ஸ்டாண்டு போடக்கூடப் பொறுக்காமல் வேப்பமரத்தில் சாய்த்துவிட்டு வருவாள். ஹெல்மெட்டைக் கழற்றுவதற்குள் பாதிப் பேச்சைப் பேசி முடித்திருப்பாள். நான் சட்னிக் கிண்ணத்தை எடுத்து வருவதற்குள் இட்லியை எல்லாம் விழுங்கிவிட்டு, "சட்னி வேற இருந்துச்சா?" என்று கேட்பாள். போனில் யார் பேசினாலும், அவர்கள் பாதி சொல்லும்போதே "புரிஞ்சிருச்சு, வைங்க" என்பாள்.

அப்படிப்பட்டவள், எங்கள் இல்லத்தில் இருக்கும் பெரியவர் ஒருவரிடம் ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டால் மட்டும் ஆளே மாறிவிடுவாள். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோவாள். வலக்கையால் இடது மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொள்வாள். பதில் வரும்வரை அப்படியே நிற்பாள். அடுப்படியில் பருப்பு தீய்ந்து சமையல்காரம்மா கத்தினாலும் அந்த இடத்தை விட்டு நகர மாட்டாள்.

எங்கள் முதியோர் இல்லம் புதுக்கோட்டையிலிருந்து குடுமியான்மலைக்குப் போகிற ரோட்டில், தைலமரக் காட்டை ஒட்டி இருக்கிறது. நான் அரசாங்க ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். வீட்டில் உட்கார்ந்து டி.வி. பார்க்கிற ஜென்மம் இல்லை என்பதால் இங்கே வந்து சேர்ந்தேன். பெரியவர்களைப் பார்த்துக்கொள்கிற பெண்கள் எல்லாரும் என் பொறுப்பு. முதலாளி சிங்கப்பூரில் சம்பாதித்து வந்து இதைக் கட்டியவர். நல்ல மனிதர், ஆனால் எதற்கெடுத்தாலும் மணி அடிக்க வேண்டும் அவருக்கு. குளியலுக்கு ஒரு மணி, காபிக்கு ஒரு மணி, தூங்குவதற்கு ஒரு மணி. வெள்ளிக்கிழமை பெண்களுக்கு எண்ணெய்த் தேய்ப்பு, சனிக்கிழமை ஆண்களுக்கு. வருகிறவர்கள் எல்லாம் எவ்வளவு ஒழுங்கு என்று வியப்பார்கள். எனக்கும் தலை கொஞ்சம் நிமிரும்.

திருச்சியிலுள்ள ஒரு தொண்டு நிறுவனம் முதியோர் இல்லங்களுக்குப் பயிற்சி கொடுக்க ஆள் அனுப்புகிறது என்று யாரோ முதலாளியிடம் சொல்லிவிட்டார்கள். வந்து இறங்கியவள் இவள். அவ்வப்போது வந்து சில நாள் பயிற்சி கொடுத்துவிட்டுப் போவாள். கோட்டைப்பட்டினத்துப் பக்கம் பிறந்தவள். கடல் இரைச்சலுக்கு மேலே பேசிப் பழகிய குரல். என் மகள் வயது இருக்கும்.

"என்ன மேடம் சொல்லித் தரப் போறீங்க? ஊசி போடவா, புண்ணுக்குக் கட்டுப் போடவா?" என்றேன். கிண்டலாகத்தான்.

"அதெல்லாம் ஒங்களுக்குத் தெரியாததா சிஸ்டர். நான் கேக்குறதுக்குச் சொல்லித் தாரேன்."

"என்னத்தக் கேக்க?"

"எது வேணும்னு அவங்ககிட்டக் கேக்க."

இதற்கு ஒரு பயிற்சி, அதற்கு ஒரு ஆள் என்று மனசுக்குள் நினைத்துக்கொண்டேன். மனசுக்குள் என்ன, செல்வியிடம் வாய்விட்டே சொன்னேன். செல்வி எங்களிடம் இருக்கிற பெண்களில் கெட்டிக்காரி. வேகமாக வேலை பார்ப்பாள், அதைவிட வேகமாகச் சிரிப்பாள்.

அன்றைக்கே முதல் கூத்து நடந்தது. ஆண்கள் அறையில் கண்டக்டர் ஐயா என்று ஒருவர் இருந்தார். பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். இவள் அவர் கட்டிலருகே போய், "ஐயா, நான் இதுல உக்காரலாமா?" என்று கேட்டாள். கேட்டுவிட்டுக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். அவர் இவளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடியும் இவளைப் பார்த்தார். இவள் நின்றுகொண்டே இருந்தாள். செல்வி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்குக் கால் கடுக்கத் தொடங்கிய நேரத்தில் கண்டக்டர் ஐயா தொண்டையைச் செருமினார்.

"உக்காருங்க. ஆனா இங்கிட்டு வேணாம். கால்மாட்டுல உக்காருங்க. தலமாட்டுல ஆள் உக்காந்தா எனக்குப் பிடிக்காது."

நான் தினமும் காலையில் அவருக்கு பி.பி. பார்க்கத் தலைமாட்டில்தான் உட்காருவேன். "இத்தன நாள் சொல்லவே இல்லையே ஐயா?" என்றேன்.

"யாரு கேட்டா?" என்றார்.

அவள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கால்மாட்டில் உட்கார்ந்து, எந்த ரூட்டில் எத்தனை வருஷம் என்று விசாரிக்க ஆரம்பித்துவிட்டாள். அந்த நாகரிகம் அவளிடம் உண்டு.

வகுப்பு என்று கரும்பலகையெல்லாம் வைக்கவில்லை. என்னைக் கட்டிலில் படுக்கச் சொன்னாள். கை, கால் அசைக்க முடியாதவள் நான் என்று வைத்துக்கொள்ள வேண்டுமாம். "நீங்க தெனமும் எப்படிச் செய்வீங்களோ, அப்படியே சிஸ்டருக்குச் செய்யுங்க" என்று செல்வியிடம் சொன்னாள். செல்விக்குக் கேட்கவா வேண்டும்? எத்தனை நாள் ஆசையோ. போர்வையை ஒரே இழுப்பு. ஈரத் துண்டால் மூஞ்சியில் ஒரு தேய்ப்பு. தலையைச் சீவி, நான் ஜென்மத்திலும் எடுக்காத நடுவகிடு எடுத்தாள். பவுடரை அப்பினாள். எனக்கு ஆகவே ஆகாத உப்புமாவை ஸ்பூனில் அள்ளி வாயில் வைத்தாள். இத்தனையும் செய்துகொண்டே பக்கத்தில் நின்றவளிடம் ரேஷன் கடையில் பருப்பு வந்துவிட்டதா என்று பேசிக்கொண்டிருந்தாள்.

"ஏய், சொல்லிட்டுச் செய்யிடி" என்று கத்திவிட்டேன்.

பெண்கள் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது; உப்புமா வேறு புரையேறியது. இவள் தண்ணீர் டம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டு, "தண்ணி வேணுமா சிஸ்டர்?" என்றாள். டம்ளரும் கையுமாக நின்றாள். நான் இருமிக்கொண்டே தலையை ஆட்டிய பிறகுதான் கொடுத்தாள். பாவி. அந்த டம்ளரை நான் மறக்கவில்லை.

அதிலிருந்து அவளுக்கு 'வேணுமாக்கா' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவளுக்கும் அது தெரியும்.

அப்புறம் எங்கள் ஒழுங்கு காற்றில் பறந்தது. கண்டக்டர் ஐயாவுக்குச் சாயங்காலம்தான் குளிக்க வேண்டுமாம். அவர் காக்கிச் சட்டை கேட்டார், வீட்டிலிருந்து வரவழைத்தோம். ஒருவருக்குக் காபி வேண்டாம், சுக்குத் தண்ணீர். இன்னொருவர் கட்டிலை ஜன்னல் பக்கம் திருப்பச் சொன்னார். திருப்பினால் வெயில் அடிக்கிறது என்று பழையபடி திருப்பச் சொன்னார். முதலாளி மணியை அடித்துவிட்டுப் பார்த்தால் கூடத்தில் பாதிப் பேர்தான். கூரை ஏறிக் கோழி பிடிக்கத் தெரியாதவன் வானம் ஏறி வைகுண்டம் போன கதைதான் இது என்று அவளிடமே சொன்னேன். "வைகுண்டம் வேணுமா வேணாமான்னு அதையும் கேட்டுருவோம் சிஸ்டர்" என்றாள்.

எல்லாவற்றிலும் அவள் சொன்னதுதான் சரி என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பலாப்பழ விவகாரத்தில் இன்றைக்கும் எனக்கு அவள்மேல் கோபம் உண்டு. ஆலங்குடிப் பக்கமிருந்து முதலாளிக்கு யாரோ ஒரு பலாப்பழம் கொடுத்திருந்தார்கள். வாசனை எட்டூருக்கு அடித்தது. கண்டக்டர் ஐயாவுக்குச் சர்க்கரை வியாதி. சுளை வேண்டும் என்றார். நான் முடியாது என்றேன். அவள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, சர்க்கரை எவ்வளவு இருக்கிறது, தின்றால் என்ன ஆகும் என்று என்னையே சொல்லச் சொன்னாள். நான் கொஞ்சம் கூட்டியே சொன்னேன். டாக்டருக்கும் போன் போட்டாள்; ஒன்றிரண்டோடு நிறுத்தச் சொல்லுங்கள் என்றார் அவர்.

"எல்லாம் கேட்டீங்கள்ல ஐயா. தெரிஞ்சுதான் கேக்குறீங்களா?"

"தெரிஞ்சுதாம்மா கேக்குறேன்."

இரண்டு சுளை தின்றார். சர்க்கரை ஏறியது. நான் அவளைப் பிடித்துக்கொண்டேன். "ஆளு செத்துப்போனா யாரு பதில் சொல்றது? நீ ஸ்கூட்டர்ல ஏறிப் போயிருவ."

அவள் சத்தம் போடவில்லை. "தப்பான முடிவு எடுக்குறதுக்கு வீட்டுல இருக்குற நமக்கெல்லாம் உரிமை இருக்கு சிஸ்டர். நீங்க சுகருக்கு மாத்திரை போட்டுக்கிட்டே மைசூர்பா தின்னத நான் பாக்கலையா?" என்றாள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. பார்த்துத் தொலைத்திருக்கிறாள். கண்டக்டர் ஐயாவும் நானும் அதற்குப் பிறகு ஒவ்வொரு பலாக் காலத்திலும் சுளைக்குப் பேரம் பேசினோம். அவர் போன வருஷம் போய்ச் சேர்ந்தார். வயசாகிவிட்டது, பலாமேல் பழி போட எனக்கு வழியில்லாமல் போய்விட்டது.

ஒரு நாள் அவளிடம் நேராகவே கேட்டேன். "எல்லாத்துலயும் பறக்குற. இவங்ககிட்ட மட்டும் எங்கிருந்தும்மா இவ்வளவு பொறுமை வருது?"

"பொறுமையா? எனக்கா?" என்று சிரித்தாள். "அது இல்லாமத்தான சிஸ்டர் கையக் கட்டிக்கிறேன். கட்டாட்டி நானே சட்டைய மாட்டி, நானே ஊட்டிவிட்டு, நானே மூஞ்சியும் தொடச்சுவிட்டுருவேன். உள்ளுக்குள்ள எனக்கு எறும்பு ஊருது." கையை முன்னால் நீட்டிக் காட்டினாள். இடது மணிக்கட்டில் விரல் பதிந்த தடம் சிவப்பாக இருந்தது.

அந்தத் தடத்தைப் பார்த்த பிறகுதான் அவளை எனக்குப் பிடித்துப்போனது.

அழகம்மாள் எங்களிடம் வந்தது அதற்குப் பிறகு, கண்டக்டர் ஐயா இருந்தபோதே. வல்லத்திராக்கோட்டைப் பக்கம், விவசாயக் குடும்பம். பக்கவாதத்தில் வலக்கையும் வலக்காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போய்விட்டது. மகன் தங்கமானவன், மருமகளுக்கு முதுகில் ஆபரேஷன் ஆகி, தூக்கி இறக்க வீட்டில் ஆள் இல்லாததால்தான் கொண்டுவந்து விட்டான். விட்டுவிட்டுப் போகும்போது கேட்டுக்கு வெளியே நின்று அழுதான்.

வந்த நாளிலிருந்து அழகம்மாள் சோறு தின்ன மறுத்தார். காபி குடிப்பார், கஞ்சித் தண்ணீர் கொஞ்சம் குடிப்பார். சோற்றை ஸ்பூனில் கொண்டுபோனால் பல்லைக் கடித்துக்கொள்வார். தொண்டையில் கோளாறு இல்லை, நன்றாக விழுங்க முடிகிறது என்று டாக்டர் சோதித்துப் பார்த்துச் சொல்லிவிட்டார். ஆனாலும் உடம்பு வற்றிக்கொண்டே போனது. ரவிக்கை தோளில் நிற்கவில்லை. கடைசியில், மூக்கு வழியாகக் குழாய் போட்டு உணவு கொடுக்க வேண்டியதுதான் என்றார் டாக்டர். வெள்ளிக்கிழமை வண்டி எடுத்துக்கொண்டு வந்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிறேன் என்று மகன் போனில் சொன்னான்.

மூக்குக் குழாயை நான் பழிக்க மாட்டேன். அது எத்தனையோ உயிரைக் காப்பாற்றியதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆனால் சுயநினைவோடு இருக்கிறவர்கள் சில பேர் அதைப் பிடுங்கிப் போடுவார்கள். அப்படிப் பிடுங்குகிற கையைக் கட்டிலோடு சேர்த்துக் கட்டிப்போட்டதையும் பார்த்திருக்கிறேன். அழகம்மாளுக்கு மிச்சம் இருந்தது இடக்கை ஒன்றுதான். அதையும் கட்டிவிட்டால் அந்த மனுஷியிடம் சொந்தமாக என்ன இருக்கும்?

அந்த வாரத் தொடக்கத்தில் அவள் வந்தாள். அழகம்மாளிடம் போனாள். "ஆத்தா, ரசஞ்சோறு வேணுமா, மோருஞ்சோறு வேணுமா?" என்று இரண்டு கிண்ணத்தையும் காட்டினாள். செல்வியிடம் கிண்ணங்களைக் கொடுத்துவிட்டுக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். அழகம்மாள் கிண்ணங்களைப் பார்க்கவில்லை. வாசலைப் பார்த்தார்.

"அது சும்மா பாக்குறது. இந்நேரம் எப்பவும் அங்கிட்டேதான் பாப்பாங்க" என்றேன்.

"எந்நேரம் சிஸ்டர்?"

"இப்பத்தான். சாப்பாட்டு நேரம்."

எங்கள் இல்லத்தில் ஒரு முறை உண்டு. படுக்கையில் இருப்பவர்களுக்கு முதலில் ஊட்டிவிடுவோம். முடியாதவர்கள் பசியோடு காத்திருக்கக் கூடாது என்று நான் கொண்டுவந்த முறை அது. அதற்குப் பிறகுதான் மற்றவர்களுக்குக் கூடத்தில் மணி அடிக்கும்.

"ஆத்தா, அங்கிட்டுப் போகணுமா?" என்று கேட்டாள். அழகம்மாளின் இடக்கை மெல்ல நகர்ந்து, மேலே கிடந்த போர்வையை ஒதுக்கியது.

வீல்சேரில் உட்காரவைத்துக் கூடத்துக்குத் தள்ளிப்போனோம். மணி அடித்தது, எல்லாரும் வந்தார்கள், உட்கார்ந்தார்கள், சாப்பிட்டார்கள். அழகம்மாளின் கண் ஒவ்வொரு தட்டாகப் போய் வந்தது. செல்வி ஸ்பூனை எடுத்துப் போனாள். பல் பூட்டிக்கொண்டது.

"இங்கிட்டும் அதே கததான்க்கா" என்றாள் செல்வி.

வேணுமாக்கா நகரவில்லை. பெரியவர்கள் கை கழுவிப் போனார்கள். பசி தாங்காமல் செல்வியும் மற்றப் பெண்களும் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். கடைசியாகச் சமையல்காரம்மா ஒரு தட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அவரும் தின்று முடித்து எழுந்தார். அப்போது அழகம்மாள் தன் மடியில் செல்வி வைத்துவிட்டுப் போன கிண்ணத்தைக் குனிந்து பார்த்தார். செல்வி ஓடிப்போய் ஸ்பூனை எடுத்தாள். வாய் திறந்தது. ஆறிப்போன ரசஞ்சோறு, இரண்டு வாய்.

"அட ஆத்தா" என்றார் சமையல்காரம்மா. "எல்லாருக்கும் போட்டுட்டுக் கடேசியா உக்காருற ஆளா நீங்க."

எங்களில் ஒருத்திக்கும் அது தோன்றவில்லை என்பதுதான் வேடிக்கை. செல்வி வீட்டில் செல்வி கடைசியாகத்தான் தின்கிறாள். சமையல்காரம்மா அப்படித்தான். சம்பளம் வாங்கி, பென்ஷன் வாங்கி, ஊரையே அதிகாரம் பண்ணுகிற நானும் என் வீட்டில் அப்படித்தான். எல்லாருடைய பசியும் அடங்குமுன் ஒரு குடும்பத் தலைவியின் வாயில் சோற்றை வைத்தால் அது இறங்குமா? இறங்காது. ஆனாலும் எனக்குக் கோபம் வந்தது.

"இது அடிமைப் புத்தி. நல்ல பழக்கமா இது? இத மாத்தணுமா இல்லையா?" என்று அவளிடம் பாய்ந்தேன்.

"மாத்தலாம் சிஸ்டர். அவங்க மாத்தச் சொன்னா."

அது ஒரு பக்கம் இருக்க, இரண்டு வாய்ச் சோறு ஒரு உயிருக்குப் பற்றாது. அடுத்தடுத்த நாளும் எல்லாரும் எழுந்த பிறகு இரண்டு வாய், மூன்று வாய், அவ்வளவுதான். மகனிடம் சொன்னேன். "டாக்டரு பத்தாதுங்குறாரு சிஸ்டர். பெத்தவ பட்டினியாக் கெடக்குறதப் பாத்துக்கிட்டு நான் எப்புடி இருப்பேன்? வண்டி சொல்லிட்டேன்" என்றான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை.

வெள்ளிக்கிழமை அவள் சீக்கிரமே வந்துவிட்டாள். ஹெல்மெட்டைக் கழற்றி எங்கே வைத்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. கூடத்தில் பந்தி ஆரம்பித்தது. அழகம்மாளின் கண் இந்த முறை தட்டுகளில் நிற்கவில்லை. பரிமாறிக்கொண்டு போன செல்வியோடு போனது, அவளோடே வந்தது. செல்வி கையில் ரச வாளி இருந்தது.

"ஆத்தா, ரசம் வேணுமா?" என்று வேணுமாக்கா கேட்டாள். கண் அசையவில்லை. "வாளி வேணுமா?" அழகம்மாள் இவளைப் பார்த்தார். "கரண்டியா? நீங்க ஊத்தணுமா?"

இடக்கை வீல்சேரின் கைப்பிடியை விட்டு எழுந்தது. காற்றில் நின்றது.

"கை நடுங்கும். கொட்டிப்புடுவாங்க" என்றார் சமையல்காரம்மா. "ஒவ்வொருத்தரா ஊத்தி முடிக்க நேரம் ஆயிரும்" என்றார் முதலாளி. ரசத்தை ஆறவைத்துக் கொண்டுவரச் சொன்னேன் நான். என் வாயிலிருந்து அந்த வார்த்தை எப்படி வந்தது என்று எனக்கே வியப்பு.

வீல்சேரின் குறுக்கே ஒரு பலகையைப் போட்டு, அதில் ரசச் சட்டியை வைத்தோம். அந்த நேரம் பார்த்து வாசலில் வண்டி வந்து நின்றது. மகன் உள்ளே வந்தான். "கெளம்பலாமா சிஸ்டர்?" என்றான். அவன் கண் அம்மாவைப் பார்த்ததும் கால் நின்றுவிட்டது.

"ஒரு பந்தி முடியட்டும்ணே" என்றாள் அவள்.

அழகம்மாள் இடக்கையால் கரண்டியை எடுத்தார். எடுத்த கை அப்படியே நின்றது. பிறகு கரண்டியைச் சட்டிக்குள்ளேயே வைத்துவிட்டார். முடியாது என்று அவருக்கே தெரிந்துவிட்டது என்று நினைத்தேன்.

மகன் மெதுவாகச் சொன்னான். "பீச்சாங்கையால எங்க ஆத்தா பரிமாறாது."

செல்வி பாய்ந்தாள், வலக்கையைத் தூக்கிக் கொடுக்க. "செல்வி" என்றாள் வேணுமாக்கா. அவ்வளவுதான். செல்வி நின்றுவிட்டாள். அழகம்மாள் இடக்கையால் தன் செத்த வலக்கையை மடியிலிருந்து தூக்கினார். கரண்டிக் காம்பின்மேல் வைத்தார். நழுவி விழுந்தது. மறுபடி தூக்கி வைத்தார். ஒவ்வொரு விரலாக மடக்கினார். அதன்மேல் இடக்கையை வைத்து இறுக்கினார். என் கை தானாக முன்னால் நீண்டது. இழுத்து முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்ப் பிடித்துக்கொண்டேன். பக்கத்தில் பார்த்தால் செல்வி அப்படி நிற்கிறாள். சமையல்காரம்மா நிற்கிறார். மணி அடிக்கிற முதலாளியும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறார். வாத்தியார் நிற்கவைத்த பிள்ளைகள் மாதிரி அத்தனை பேரும் வரிசையாக நின்றோம்.

கரண்டி எழுந்தது. முதல் ஆள் கண்டக்டர் ஐயா. பாதி ரசம் தட்டிலும் பாதி அவர் காக்கிச் சட்டையிலும் விழுந்தது.

"பரவால்ல ஆத்தா. சட்டைக்கும் பசிக்குமுல்ல" என்றார் அவர்.

அழகம்மாள் மறுபடியும் மொண்டார். கரண்டியை அவர் தட்டுக்கு மேலே கொண்டுவந்து நிறுத்தினார். உதடு ஒரு பக்கமாகக் கோணியது. உள்ளேயிருந்து என்னவோ முட்டிக்கொண்டு வந்தது.

"வேணுமா?"

பேச்சுப் போன சிலருக்குப் பாட்டு வரும், சாமி பேர் வரும், பழகிய வார்த்தை ஒன்று திடீரென்று வரும். நர்ஸ் என்ற முறையில் எனக்கு அது தெரியும். தெரிந்து என்ன செய்ய? உடம்பெல்லாம் சிலிர்த்துப் போனது. ஆயுள் முழுக்க அடுப்படிக்கும் பந்திக்கும் நடந்து கேட்ட வார்த்தை. வாதம் வந்து எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போனபோது, அது ஒன்று மட்டும் கரண்டியோடு ஒட்டிக்கொண்டு இருந்திருக்கிறது.

"வேணும் ஆத்தா, ஊத்துங்க" என்றார் கண்டக்டர் ஐயா.

செல்வி வீல்சேரைத் தள்ளினாள். அடுத்த தட்டு. "வேணுமா?" அடுத்த தட்டு. "வேணுமா?" ஒருவர் போதும் என்று கையைக் காட்டினார், கரண்டி நகர்ந்து போனது. வெளியே காத்திருந்து அலுத்துப்போன வண்டி டிரைவர், "அண்ணே, நேரமாச்சு" என்று உள்ளே தலையை நீட்டினார். அவரையும் உட்காரவைத்துத் தட்டைப் போட்டார் சமையல்காரம்மா. மகன் பெஞ்சில் உட்கார்ந்து தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

"வேணுமா?"

"வேணும் ஆத்தா" என்றான். சோற்றோடு கண்ணீரையும் சேர்த்துப் பிசைந்து தின்றான்.

பெண்கள், சமையல்காரம்மா, முதலாளி, நான் என்று எல்லாருக்கும் ஆகிவிட்டது. இனி ஊட்டலாம் என்று செல்வி ஸ்பூனை எடுத்தாள். அழகம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டார். கண் சுவரோரம் போனது. அங்கே வேணுமாக்கா கையைப் பின்னால் கட்டியபடி நின்றுகொண்டிருந்தாள்.

செல்வி வீல்சேரை அவள் பக்கம் தள்ளினாள். கரண்டி எழுந்தது.

"வேணுமா?"

கேள்விக்குப் பாதியிலேயே பதில் சொல்கிறவள், அன்றைக்குச் சொல்ல முடியாமல் நின்றாள். கரண்டியிலிருந்து ரசம் பலகைமேல் சொட்டியது. நாங்கள் யாரும் வாயைத் திறக்கவில்லை. அழகம்மாளும் அவசரப்படவில்லை, கரண்டியைப் பிடித்தபடியே காத்திருந்தார். கடைசியில் அவள் கைகள் முதுகுக்குப் பின்னாலிருந்து முன்னால் வந்தன. நான் என் தட்டுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு தட்டை எடுத்து நீட்டினேன்.

"வேணும் ஆத்தா" என்றாள்.

உட்கார்ந்து சாப்பிட்டாள். அவள் மெதுவாகச் சாப்பிட்டு நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான். ஒவ்வொரு கவளமாக உருட்டி, மூக்கை உறிஞ்சி, எங்கேயோ பார்த்துக்கொண்டு தின்றாள். எனக்குப் பொறுக்கவில்லை.

"சீக்கிரம் தின்னும்மா. பெரிய மனுஷி பசியோட இருக்காங்க" என்றேன்.

அவள் கை கழுவிவிட்டு வந்தாள். அதற்குப் பிறகு அழகம்மாள் வாயைத் திறந்தார். செல்வி ஊட்டிக்கொண்டே இருந்தாள். கிண்ணம் காலியானது. இடக்கை விரல் ஒன்று உயர்ந்து சோற்றுப் பாத்திரத்தைக் காட்டியது. சமையல்காரம்மா ஓடினார். இரண்டாவது கிண்ணமும் காலியானது. மகன் எழுந்து வாசலுக்குப் போய், டிரைவர் காதில் என்னவோ சொன்னான். அந்த வண்டி வந்தபடியே காலியாகத் திரும்பிப் போனது.